ஆதரவாளர் தொடங்கிய புதுக் கழகம், பழைய கழகத்தின் கிண்ணங்களைத் தனதென்று எழுதலாமா?

கல்லடிப்பாலம்
சிறப்பு மலர் போடும்போது அடிக்கடி வருகிற சிக்கல் ஒன்றைக் கேட்கிறன். ஒரு ஊர் உதைபந்தாட்டக் கழகம் அறுபதுகளில் தொடங்கி, லீக்கில் விளையாடி, நாலைந்து கிண்ணமும் எடுத்தது. பிறகு பதிவு புதுப்பிக்கப்படவில்லை, பொதுக்கூட்டமும் கூடவில்லை, பல வருசமாக அணியே மைதானத்தில் இறங்கவில்லை. இப்ப அதே ஊர் ஆதரவாளர்கள் காசு சேர்த்து, புது யாப்பு (கழக விதிகள்) எழுதி, அதே நிற ஜேர்சியோடு, பழைய பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து ஒரு கழகம் தொடங்குகிறார்கள். சின்னத்துக்குக் கீழே எந்த வருசத்தைப் போடுவது? பழைய கிண்ணங்களை "எங்கள் வெற்றிகள்" என்று அச்சடிக்கலாமா? வெளிநாட்டில் இப்படித் தொடங்கின கழகங்கள் என்ன செய்தன, எங்க பிழை விட்டன என்று தெரிந்தவர்கள் எழுதுங்கோ. மலர் அச்சுக்குப் போகமுதல் முடிவு வேணும்.

பாடுமீன்
தம்பி, முதல்ல லண்டனின் விம்பிள்டன் கழகத்தைப் பாருங்க. கழகம் தொடங்கினது 1889 இல். 1977 இல் இங்கிலாந்தின் தொழில்முறை லீக்கில் சேர்ந்தது. 1988 எஃப்.ஏ. (இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம்) கிண்ண இறுதியில் லிவர்பூலை 1-0 என்று வென்றது. சான்செஸ் தலையால் அடித்த கோல், ஆல்ட்ரிஜின் பெனால்டியை பீசன்ட் பாய்ந்து தடுத்தது, இரண்டையும் இப்பவும் மறக்காத ஆக்கள் நம்மட பக்கத்திலும் இருக்கிறாங்க. அந்தக் கழகத்தை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக, எஃப்.ஏ. நியமித்த மூன்று பேர் குழு 2002 மே 28 இல் அனுமதி கொடுத்தது. ஆதரவாளர்கள் ஒரு கிழமைகூடப் பொறுத்திருக்கவில்லை. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கழகத்தைத் தொடங்கி, ஊர்ப் பொதுவெளியில் திறந்த தெரிவு வைத்து ஆட்களை எடுத்தார்கள். தொடக்கம் லீக் அடுக்கில் மேலிருந்து ஒன்பதாம் படிநிலையில். ஒன்பது பருவத்தில் ஐந்து முறை தரமுயர்ந்து, 2011 இல் லூட்டன் டவுனைப் பெனால்டியில் வென்று லீக்கிற்குள் திரும்பி வந்தார்கள்.

உங்கட கேள்விக்கு முக்கியமானது இனித்தான். கிண்ணம் அவர்களுடையது என்று எந்தச் சங்கமும் தீர்ப்புக் கொடுக்கவில்லை. இடம் மாறிய கழகம் 2004 இல் எம்.கே. டோன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மற்றக் கழக ஆதரவாளர் அமைப்புகள் அதனோடு சேராமல் தள்ளி வைத்தன. பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2007 ஓகஸ்டில் பழைய வரலாற்றுக்கு உரிமை கோருவதை எம்.கே. டோன்ஸ் கைவிட்டது. அப்ப 1988 கிண்ணத்தின் பிரதியும் மற்ற நினைவுப்பொருளும் யாரிடம் போனது? மேர்ட்டன் நகரசபையிடம். புதுக் கழகத்தின் அலுமாரிக்குப் போகவில்லை. விம்பிள்டன் என்ற ஊரை நிர்வகிக்கிற சபைதான் பொறுப்பெடுத்தது. ஆதரவாளர்கள் 1889 இலிருந்து ஒரே தொடர் என்று சொல்கிறார்கள். போட்டிப் பதிவில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 2002 இல் தொடங்கின கழகம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

தம்பிலுவில்_வடக்கு
அண்ணன் சொன்னதை ஏற்கிறன். ஆனால் அடிப்படையைத் தெளிவாகச் சொல்லவேணும். கழகம் என்றது பதிவு இலக்கமா, இல்லாட்டி வேலிக்கு வெளியே நிண்டு கத்தின சனமா? நிர்வாகம் மாறும், விளையாடுகிறவன் மாறுவான், மைதானமும் மாறும். ஐம்பது வருசம் மாறாமல் நிண்டது அந்த ஊர்ச் சனம் மட்டும்தான். அந்தச் சனமே கூடிப் பழைய அணியைத் திரும்பக் கட்டினால் வரலாறு அவர்களோடுதான் வரும். பழைய கழகத்துக்கு வேறு உரிமையாளர் எவரும் இல்லை என்ற இடத்தில் யாரிடம் அனுமதி கேட்பது? நான் என்றால் பழைய வருசத்தைத்தான் போடுவன்.

நெசவூர்
தம்பிலுவில் தம்பி, மனசால நீங்க சொல்றது சரி. ஆனா வரலாறு தனியா வராது, கடனும் தண்டனையும் அதே வண்டியில ஏறி வரும். இதை யோசிக்காம எழுதினா புதுக் கழகம் மாட்டும்.

ஃபிஃபாவின் ஒழுக்காற்றுக் கோவையில 2019 முதல் "விளையாட்டு வழி வாரிசு" என்று ஒரு விதி இருக்கு. ஒரு கழகம் ஆட்டக்காரருக்கோ இன்னொரு கழகத்துக்கோ குடுக்க வேண்டிய காசைக் குடுக்காம மறைஞ்சு, அதே இடத்தில வேற பெயரில இன்னொண்டு முளைச்சா, அந்தப் புதுசையும் பிடிக்கலாம். வாரிசா இல்லையா எண்டு பார்க்க அவங்க எடுக்கிற அளவுகோல்களைக் கேளுங்க: தலைமையகம், பெயர், சட்ட வடிவம், அணி நிறம், ஆட்டக்காரர், உரிமையாளர் அல்லது பங்காளர், விளையாடுற போட்டிப் பிரிவு. ஊர் ஆதரவாளர் கழகம் எண்டு வந்தா இதில நிறமும் பெயரும் இடமும் வேணுமெண்டே ஒத்துப்போகும். அதுக்கு மேல "நாங்க அதே கழகம், 1960களில இருந்து" எண்டு ஜேர்சியிலயும் நாங்களே எழுதிக் குடுத்தா, எதிராளிக்கு வேற சாட்சி தேவையில்ல.

சர்வதேச விதி நம்மட மாவட்ட லீக்குக்கு நேரடியா வராது, உண்மை. ஆனா பழைய கழகம் கட்டாம விட்ட தண்டப்பணம், தடைபட்ட ஆட்டக்காரர், வாங்கித் திருப்பாத பந்து வலை எல்லாத்துக்கும் லீக் கூட்டத்தில கேள்வி வரும். "அது வேற கழகம்" எண்டு ஒரு வாயாலயும் "அந்தக் கிண்ணம் எங்கட" எண்டு அதே வாயாலயும் சொல்ல ஏலாது.

ஸ்கொட்லாந்து ரேஞ்சர்ஸைப் பாருங்க. ஆதரவாளர் தொடங்கின கழகம் இல்ல எண்டாலும் பாடம் இருக்கு. 2012 பெப்ரவரி 14 இல கடன் சுமையால, வெளியில இருந்து நியமிச்ச நிர்வாகியின் கைக்குப் போச்சு. கடன்காரரோட செய்யப் பார்த்த உடன்பாட்டை வரித் திணைக்களம் யூன் 12 இல நிராகரிச்சது. ரெண்டு நாளில சொத்தெல்லாம் 55 இலட்சம் பவுணுக்குப் புதுக் கம்பனிக்கு வித்தாச்சு. உச்ச லீக் கழகங்கள் சேர்க்க மாட்டோம் எண்டு வாக்களிச்சு, கடைசிப் பிரிவிலதான் இடம் கிடைச்சது. சங்க உறுப்புரிமையைப் புதுக் கம்பனிக்கு மாத்தக் குடுத்த விலை என்ன? பழைய கழகம் மற்றக் கழகங்களுக்குக் குடுக்க இருந்த காசைக் கட்டணும், 12 மாத ஆட்டக்காரர் பதிவுத் தடையை ஏத்துக்கணும். ஏத்துக்கிட்டாங்க. அதனால 54 பட்டமும் பதிவில தொடர்ந்துச்சு, 2021 இல எடுத்தது 55 ஆவது எண்டு எண்ணப்படுது. எதிர் அணி ரசிகர் இண்டைக்கும் ஒத்துக்கொள்றதில்ல. ஆனா தொடர்ச்சிக்கு ஒரு விலை குடுத்திருக்காங்க.

ஏறாவூர்_9
அப்ப விம்பிள்டன்காரர் கடன் கட்டினதா?

நெசவூர்
இல்ல. அவங்க தொடங்கும்போது பழைய கழகம் உயிரோட இருந்துச்சு, கடனும் அங்கயே நிண்டுச்சு. அதனாலதான் பதிவில 2002 எண்டு நிக்குது. ரெண்டையும் ஒண்டா வைச்சுப் பார்த்தா விசயம் விளங்கும்.

பாடுமீன்
நெசவூர்க் காக்கா சொன்னது பெரிய விசயம். அதோட சேர்த்து, பழைய கழகம் உயிரோட இருக்கும்போது ஆதரவாளர் பிரிந்து போனால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு உதாரணம் தாறன். ஒஸ்ரியாவின் சல்ஸ்பேர்க்.

ஒஸ்ரியா சல்ஸ்பேர்க் கழகம் 1933 இல் தொடங்கினது, நிறம் ஊதாவும் வெள்ளையும். 1994, 1995, 1997 என மூன்று முறை நாட்டின் சம்பியன். 1994 யூ.ஈ.எஃப்.ஏ. (ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம்) கிண்ண இறுதியில் இன்டர் மிலானோடு மோதித் தோற்றது. 2005 இல் ரெட் புல் நிறுவனம் அதை வாங்கிப் பெயரையும் நிறத்தையும் மாற்றியது. தொடக்க ஆண்டையே 2005 என்று போடப் பார்த்தது. ஊதா நிறத்தை விடமாட்டோம் என்று நின்ற ரசிகர்களோடு பேச்சு நடந்தது. அவர்களுக்குக் கடைசியாகக் கிடைத்த விட்டுக்கொடுப்பில் பெரிதாக என்ன இருந்தது தெரியுமா? கோல்காவலர் ஊதா நிறக் காலுறை போடலாம் என்பது. ஒரு சோடிக் காலுறை! எழுபது வருச நிறத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. ரசிகர்கள் எழுந்து வந்து அதே 2005 இல் பழைய பெயரில் கழகத்தைத் திரும்பத் தொடங்கி, அடுத்த பருவம் ஏழாம் படிநிலையிலிருந்து ஏறத் தொடங்கினார்கள்.

இப்ப பெயர், நிறம், பாட்டு, சனம் எல்லாம் ஊதாக் கழகத்திடம். ஆனால் அந்த மூன்று பட்டமும் பதிவேட்டில் ரெட் புல் கழகத்தின் கணக்கில்தான். லீக் உறுப்புரிமை கைமாறாமல் அங்கேயே நின்றதுதான் காரணம். தம்பிலுவில் தம்பி கேட்ட "சனமா, பதிவா" என்ற கேள்விக்கு அந்த நாட்டின் பதிவேடு சொல்லும் பதில் அது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் மலரில் எழுதுகிறவர் அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டுதான் எழுதவேணும்.

தம்பிலுவில்_வடக்கு
இத்தாலியின் பியோரென்டினா? 2002 இல் வங்குரோத்தாகி அழிந்துபோன கழகம். புளோரென்சியா வயோலா என்று புதுசாகத் தொடங்கி நாலாம் பிரிவில் விளையாடினார்கள். அடுத்த வருசமே பழைய பெயரையும் சின்னத்தையும் விலைகொடுத்து வாங்கினார்கள். இண்டைக்கு 1926 என்றுதான் போடுகிறார்கள், 1956, 1969 பட்டங்களும் அவர்கள் கணக்கில்தான். யாரும் அதைக் குறைசொல்வதில்லை. அப்ப பதிவு அறுந்தாலும் வரலாறு திரும்பலாம்தானே.

நெசவூர்
திரும்பலாம். ஆனா எப்படித் திரும்பிச்சு எண்டு நீங்களே எழுதிட்டீங்க: வாங்கினாங்க. வங்குரோத்துச் சொத்தில பெயரும் சின்னமும் ஒரு பொருளா ஏலத்துக்கு வந்துச்சு, வாங்கினவனிடம் பத்திரம் இருக்கு. அதோட ஊரில இன்னொரு வாரிசு இல்ல. நம்மட பக்கத்தில சிக்கல் வாற இடம் அதுதான். ரெண்டு குழு கிளம்பும். ஒரு குழுவிடம் பழைய கிண்ணம், மத்தக் குழுவிடம் மைதானமும் பொடியன்மாரும்.

இங்கிலாந்தில பெரி எண்ட ஊரில நடந்தது அப்படியே இதுதான். 1885 இல தொடங்கின கழகம், 1900 இலயும் 1903 இலயும் எஃப்.ஏ. கிண்ணம் எடுத்தது. 1903 இறுதியில டார்பி கவுண்டி அணியை 6-0 எண்டு அடிச்சது, அந்த வித்தியாசத்தை இண்டை வரை எவரும் தாண்டேல்ல. 2019 ஓகஸ்டில லீக்கை விட்டு வெளியேத்தினாங்க. ஆதரவாளரில ஒரு பகுதி பெரி ஏ.எஃப்.சி. எண்டு புதுக் கழகம் தொடங்கி வேற ஊர் மைதானத்தில விளையாடினாங்க. இன்னொரு பகுதி பழைய கிக் லேன் மைதானத்தையும் பெயரையும் காப்பாத்தப் பாடுபட்டு 2022 இல மைதானத்தை வாங்கிட்டாங்க. அப்ப எது உண்மையான பெரி? ரெண்டு பகுதியின் ஆதரவாளர் சங்கமும் ஒண்டாகணும் எண்டா ரெண்டு பக்கத்திலயும் 66 சதவீதம் ஆதரவு வேணும் எண்டு வைச்சாங்க. முதல் வாக்கெடுப்பில ஒரு பக்கம் கொஞ்சத்தால தவறிச்சு. 2023 இல திரும்ப வாக்கெடுத்து ரெண்டு பக்கமும் தேறினது. அதுக்குப் பிறகுதான் பெரி எஃப்.சி. எண்ட பெயரில அணி இறங்கினது. கோபத்தில ரெண்டாப் பிரிஞ்சவங்க எண்ணிக்கை வைச்சு ஒண்டானாங்க. இதை நான் மிகவும் மதிக்கிறன்.

அதே இங்கிலாந்தில டார்லிங்டனும் இருக்கு. 1883 இல தொடங்கின கழகம். 2012 இல கடன்காரரோட உடன்பாடு சரிவரேல்ல. அதனால ஆதரவாளர் எடுத்து நடத்தின அணியைப் புதுக் கழகமாத்தான் கருதுவோம் எண்டு எஃப்.ஏ. சொல்லி, நாலு படி கீழ இறக்கி, பெயரையும் மாத்தச் சொன்னாங்க. அவங்க டார்லிங்டன் 1883 எண்டு பெயர் வைச்சாங்க. தொடக்க வருசத்தையே பெயருக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. 2017 இல பழைய பெயர் திரும்பக் கிடைச்சது.

ஏறாவூர்_9
ருமேனியாவின் ஸ்டேவாவும் இதே கதைதான். 1986 ஐரோப்பியக் கிண்ணம் யூ.ஈ.எஃப்.ஏ. பதிவில் எஃப்.சி.எஸ்.பி. (பெயர் மாறிய தனியார் கழகம்) கணக்கில் நிற்குது, இராணுவக் கழகம் தன்னுடையது என்று நீதிமன்றம் போனது. ஒரே கிண்ணத்துக்கு இரண்டு அலுமாரி.

கல்லடிப்பாலம்
எல்லாருக்கும் நன்றி. நம்மட நிலைமை டார்லிங்டனுக்குத்தான் கிட்ட வருது என்று விளங்குது. பழைய கழகம் விற்கப்படவில்லை, இடம் மாறவில்லை, சத்தமில்லாமல் நின்றுபோனது. அப்படியெண்டால் உரிமையை முறைப்படி கைமாற்றுவது எப்படி? யாரிடமிருந்து?

நெசவூர்
முதல்ல பிரதேச செயலகத்தில விளையாட்டு உத்தியோகத்தரிடம் போய், பழைய கழகத்தின் பதிவு எந்த நிலையில இருக்கு எண்டு எழுத்தில கேளுங்க. வாய்ப்பேச்சுப் பதில் நாளைக்கு உதவாது. பதிவு இன்னும் உயிரோட இருந்தா புதுக் கழகம் தொடங்கவே தேவையில்ல. பழையதைப் புதுப்பிச்சு, புதுத் தெரிவு நடத்தினா வருசமும் கிண்ணமும் தானா வரும். பலர் இதைப் பார்க்காம புதுப் பெயர் வைச்சிட்டுப் பிறகு கவலைப்படுறாங்க.

பதிவு முடிஞ்சு போயிருந்தா பழைய யாப்பைத் தேடுங்க. கடைசிப் பக்கத்தில அனேகமாக் "கழகம் கலைக்கப்பட்டால்" எண்டு ஒரு பிரிவு இருக்கும். சொத்தும் உடைமையும் கோயிலுக்கா, பள்ளிவாசலுக்கா, பாடசாலைக்கா, வேற கழகத்துக்கா எண்டு அதில எழுதியிருப்பாங்க. அதில வேற பெயர் இருந்தா கிண்ணத்தில நீங்க கைவைக்கக் கூடாது, அவங்களிடம் கேட்டுத்தான் வாங்கணும்.

அடுத்தது, கடைசியாத் தெரிவான நிர்வாகத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர். மூணு பேரில ரெண்டு பேராவது இருந்தா, அவங்க அழைப்பில ஒரு பொதுக்கூட்டம் கூட்டுங்க. புதுக் கழகம் அழைக்கக் கூடாது, அழைப்பு பழைய நிர்வாகத்தின் பெயரில போகணும். இங்கதான் அதிகம் பிழை வரும். ரெண்டு கழகக் கூட்டத்தையும் ஒரே நாள் ஒரே ஏட்டில எழுதிட்டு, யார் குடுத்தது யார் எடுத்தது எண்டே தெரியாமப் போயிடும். ரெண்டு தனி ஏடு, ரெண்டு தனித் தீர்மானம். பழைய கழகம் "ஒப்படைக்கிறோம்" எண்டு நிறைவேத்தணும், புதுசு "பொறுப்பேற்கிறோம்" எண்டு நிறைவேத்தணும். எதைப் பொறுப்பேக்கிறோம் எண்டு சொல்லுக்குச் சொல் எழுதுங்க: பெயர், சின்னம், கிண்ணங்கள், ஆவணங்கள். நிலுவைத் தண்டப்பணம் இருந்தா அதையும் தொகையோட. ரெண்டு தீர்மானத்தின் பிரதியும் லீக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும் போகணும்.

வாவிக்கரை
கிண்ணப் பட்டியல் போடுகிற ஆக்களுக்கு ஒன்று சொல்லவேணும். அலுமாரியிலிருந்து எடுத்தவுடன் மினுக்கி மருந்து போட்டுத் தேய்க்காதீங்க. நம்மட பக்கத்துப் பழைய கிண்ணங்கள் அனேகமாக வெள்ளிப் பூச்சு, உள்ளே பித்தளை. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போகும், பொறித்த எழுத்தும் மழுங்கும். அந்த எழுத்துத்தான் உங்களிடம் இருக்கிற ஆதாரம். முதல்ல மெல்லிய துணியால் தூசியை மட்டும் எடுங்க. அறை விளக்கை அணைத்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் தகட்டுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடியுங்க. நேர் வெளிச்சத்தில் வெறும் கறுப்பாகத் தெரிகிற தகட்டில் வருசமும் எதிரணி பெயரும் நிழல் விழுந்து எழும்பி வரும். அப்ப படம் எடுங்க. அதிலும் வராவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேயுங்க, எழுத்து தாளில் ஏறும்.

சுனாமியில் நனைந்த கூட்டறிக்கைப் புத்தகங்கள் கல்லடியிலிருந்து கல்முனை வரைக்கும் இன்னும் வீடுகளில் கிடக்கு. ஒட்டிக் காய்ந்த பக்கங்களைக் கத்தியால் பிரிக்கவேணாம், எழுத்து எதிர்ப் பக்கத்தோடு உரிந்து போகும். தானாகத் திறக்கிற பக்கங்களை மட்டும் படம் எடுங்க. கடல்நீர் பட்ட தாளில் உப்பு நிற்கும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் மாரியில் பூஞ்சணம் திரும்பத் திரும்பப் பிடிக்கும். பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டாமல், உலர்ந்த இடத்தில் அட்டைப்பெட்டியில் வையுங்க. மை ஊற்றும் பேனையால் எழுதினது கரைந்திருக்கும், போல்பொயின்ற் எழுத்து அனேகமாகத் தப்பியிருக்கும். எந்த வருசத்துப் பக்கத்தைத் திறக்கப் பாடுபடலாம் என்று அதை வைத்து முடிவெடுங்க.

புத்தகமே இல்லாவிட்டால் பழைய வீரகேசரி, தினகரன் விளையாட்டுப் பக்கங்கள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலரில் வந்த கழக விளம்பரம் எல்லாம் சாட்சிதான். கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பத்திரிகைக் கோவை பார்க்கலாம். நூலகம் இணையத்தளத்திலும் தேடுங்க, பல ஊர் மலர்கள் அங்க ஏறியிருக்கு. "தாத்தா சொன்னார்" என்ற வருசத்தை மட்டும் சின்னத்தில் போடாதீங்க.

தம்பிலுவில்_வடக்கு
வாவிக்கரை அக்கா சொன்ன பக்கவாட்டு வெளிச்சம் நல்ல யோசனை. நான் என் முதல் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறன். பழைய வருசத்தைப் போடவேணும் என்பதில் மாற்றமில்லை, தனியப் போடவேணாம். இடையில் அணி இறங்காத வருசங்களை மறைக்கிறது அந்தக் காலத்தில் விளையாட அணி இல்லாமல் வேறு ஊருக்குப் போன பொடியன்மாருக்குச் செய்கிற அநியாயம். வெற்றிடமும் வரலாறுதான்.

பாடுமீன்
ஓம். எஃப்.சி. யுனைட்டட் ஒஃப் மன்செஸ்டர் 2005 இல் ஆதரவாளர் தொடங்கினதுதான், ஆனால் மன்செஸ்டர் யுனைட்டட்டின் ஒரு கிண்ணத்துக்கும் உரிமை கோரவில்லை. தாய்க்கழகம் அங்க விளையாடிக்கொண்டிருக்கு, கோரவும் ஏலாது. உங்கட தாய்க்கழகம் இல்லை என்பதால் நீங்கள் கோரலாம். புள்ளிவிவரப் பக்கத்தை மட்டும் இரண்டாகப் பிரியுங்க. பழைய கழகத்தின் ஆட்டங்கள், கோல்கள், கிண்ணங்கள் ஒரு அட்டவணையில், புதுக் கழகத்தினது அடுத்த அட்டவணையில். கூட்டுத்தொகை போடவேணாம். கூட்டின உடனே சண்டை வரும்.

கல்லடிப்பாலம்
மலரின் இரண்டாம் பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கு, பாருங்கோ:

"பழைய கழகம் தொடங்கியது 1966. கடைசியாக லீக்கில் இறங்கியது 2011. ஊர் ஆதரவாளர்களால் 2024 இல் மீளத் தொடங்கப்பட்ட இக்கழகம், முன்னைய நிர்வாகத்தின் பொதுக்கூட்டத் தீர்மானப்படி அதன் பெயரையும் கிண்ணங்களையும் நிலுவைகளையும் பொறுப்பேற்றுள்ளது."

வருசங்கள் இப்போதைக்கு மாதிரிக்குப் போட்டது, ஏடு பார்த்துத் திருத்துவோம். சின்னத்துக்குக் கீழே 1966, 2024 இரண்டும்.

நெசவூர்
"நிலுவைகளையும்" எண்டு போட்டது நல்லம். தொகையை லீக் செயலாளரிடம் எழுத்தில வாங்கின பிறகு அச்சுக்குக் குடுங்க. தீர்மானம் நிறைவேறாம "பொறுப்பேற்றுள்ளது" எண்டு முன்கூட்டியே அடிச்சிடாதீங்க.

வாவிக்கரை
கிண்ணப் பட்டியலில் வருசம், போட்டி, எதிரணி என்ற நிரல்களோடு "இப்போது யாரிடம்" என்று ஒரு நிரலும் சேருங்கோ. பழைய தலைவர் ஒருவரின் வீட்டில் ஒன்று இருக்கும், இன்னொன்று பாடசாலையில் இருக்கும். போய்ப் பறிக்கவேணாம். படம் எடுத்து, "இன்னாரின் பாதுகாப்பில் உள்ளது" என்று எழுதி அவரிடமே ஒரு கையெழுத்து வாங்குங்க. ஒப்படைப்புக் கூட்டத்துக்கு அவரே தன் கையால் கொண்டுவந்து வைக்கட்டும்.